லேப்டாப் யுஎஸ்பி போர்ட் செத்துப் போச்சா? டிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடி 5 வோல்ட்டைத் தேடுங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சித்தி பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தான். இடது பக்கம் இருக்கிற ரெண்டு யுஎஸ்பி போர்ட்டும் போச்சு, பென்டிரைவ் சொருகினா லைட்டுகூட எரியலை, மவுஸ் போட்டா அடியில செவப்பு வெளிச்சம் வரலை, வலது பக்கம் இருக்கிற ஒத்தை போர்ட் மட்டும் நல்லா இருக்கு. வர்றதுக்கு முன்னாடியே அவன் பண்ணாத வேலை இல்லை, டிரைவரை, அதான் போர்ட்டை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேரை, எடுத்துட்டு மறுபடி போட்டிருக்கான், விண்டோஸையே ஃபார்மட் அடிச்சு புதுசா ஏத்தியிருக்கான், அதுல ரெண்டு நாள் போச்சு, கடைசியா ஒரு சர்வீஸ் கடையில காட்டினா மதர்போர்டு போயிடுச்சு மாத்தணும்னு ஒரு ரேட் சொல்லியிருக்காங்க. "அண்ணா, அதோட இன்னும் கொஞ்சம் காசு போட்டா செகண்ட்ஸ்ல வேற லேப்டாப்பே வாங்கிடலாம்ணா"ன்னு நொந்துபோய் உக்காந்தான்.

நான் போன்ல டார்ச்சைப் போட்டு போர்ட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன். உள்ள நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கும், அதுமேல நாலு கம்பி வரிசையா படுத்திருக்கணும், அவன் போர்ட்ல ஓரத்துல இருக்கிற கம்பி மட்டும் எழும்பி வளைஞ்சு பக்கத்துல இருக்கிற தகரக் கூட்டைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. அந்த ஓரக் கம்பிதான் 5 வோல்ட். தகரக் கூடு கிரவுண்டு. ரெண்டும் ஒட்டினா ஷார்ட். விண்டோஸை நூறு தடவை ஏத்தினாலும் வளைஞ்ச கம்பி நிமிராது இல்லையா.

யுஎஸ்பி பிரச்சனைன்னு தேடினா வர்ற யோசனை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், டிவைஸ் மேனேஜர் போ, அன்இன்ஸ்டால் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு. அது தப்புன்னு சொல்லலை, ஆனா அது ஒரு அடுக்கை மட்டும்தான் தொடுது. கரண்ட் வருதா இல்லையாங்கிறது வேற விஷயம், அதைப் பாக்காம டிரைவர்ல ஆரம்பிக்கிறது வீட்ல ஃபேன் சுத்தலைன்னா சுவிட்ச் போட்டிருக்கான்னு பாக்காம காயில் கட்ட ஆளைக் கூப்பிடுற மாதிரிதான்.

முதல்ல அந்த நாலு கம்பி என்னன்னு பாத்துடுவோம். பழைய நீள்சதுர வாய் போர்ட் இருக்கே, அதான் டைப்-ஏ, அதுல ஒரு ஓரத்துல 5 வோல்ட், இன்னொரு ஓரத்துல கிரவுண்டு, நடுவுல ரெண்டும் டேட்டா. யுஎஸ்பி 3 போர்ட்டா இருந்தா உள்பக்கம் இன்னும் அஞ்சு கம்பி இருக்கும், அது வேகத்துக்கு, பவருக்கு இந்த ஓரத்து ரெண்டும்தான். ஒரு பென்டிரைவோட பிளக்கைக் கையில எடுத்து உத்துப் பாருங்க, ஓரத்து ரெண்டு தகடும் நடுவுல இருக்கிற ரெண்டைவிட கொஞ்சம் நீளமா முன்னாடி வந்திருக்கும். சொருகும்போது முதல்ல பவர் சேரணும், அப்புறம்தான் டேட்டா சேரணும், எடுக்கும்போது டேட்டா முதல்ல விடணும், அதுக்குத்தான் அந்த நீளம். பவரும் டேட்டாவும் தனித்தனி ஜோடி, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு நல்லா இருக்கலாம், அதனால என்ன அறிகுறி தெரியுதுங்கிறதை வெச்சே பாதி நோயைப் பிடிச்சிடலாம்.

சொருகினதும் லைட்டே எரியலைன்னா பவர் வரலை. லைட் எரியுது, போன் சார்ஜ் ஏறுது, ஆனா லேப்டாப் கண்டுக்கவே இல்லைன்னா பவர் நல்லா இருக்கு, டேட்டா பக்கம்தான் கோளாறு, அதுவும் பெரும்பாலும் கேபிள்தான், சார்ஜுக்குன்னே வர்ற மலிவு கேபிள்ல டேட்டா கம்பியே இருக்காது. மூணாவது வகைதான் ஆளைக் குழப்புறது. சொருகினா டிங்னு சத்தம் வரும், ரெண்டு செகண்ட்ல டொங்னு போயிடும், மறுபடி டிங், மறுபடி டொங், இல்லைன்னா மவுஸ் கீபோர்டு எல்லாம் நல்லா வேலை செய்யும், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மட்டும் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டு கிடக்கும். இங்க பவர் வருது, ஆனா பத்தலை.

பத்தலைன்னா எவ்வளவு பத்தணும்? யுஎஸ்பியில கரண்ட் ரேஷன் கடை மாதிரி, கார்டுக்கு இவ்வளவுன்னு அளவு உண்டு. 2000-ல வந்த யுஎஸ்பி 2.0 விதிப்படி சொருகின உடனே எந்த சாதனமா இருந்தாலும் 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம், அப்புறம் "எனக்கு இவ்வளவு வேணும்"னு கேட்டு கம்ப்யூட்டர் சரின்னு சொன்னா அதிகபட்சம் 500 வரைக்கும் போகலாம். 2008-ல வந்த யுஎஸ்பி 3.0-ல அது 150-ல ஆரம்பிச்சு 900 வரைக்கும் போச்சு. போர்ட் வாய்ல வோல்ட்டேஜ் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவுல இருக்கணும்னு 2.0-ல போட்டிருக்காங்க. போனை லேப்டாப்ல போட்டா சார்ஜ் ஆமை வேகத்துல ஏறுறதுக்கும் இதான் காரணம், சில போர்ட்ல மட்டும் சார்ஜிங்குக்குன்னே 1.5 ஆம்பியர் தர்ற ஏற்பாடு இருக்கும், பக்கத்துல மின்னலோ பேட்டரியோ படம் போட்டிருப்பாங்க, அந்தப் போர்ட் பல லேப்டாப்ல மூடி வெச்சிருந்தாலும் சார்ஜ் தரும், அதை ஆன் ஆஃப் பண்றது பெரும்பாலும் பயாஸ்குள்ள, அதான் விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் திரையில, இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை, "எனக்கு இவ்வளவு வேணும்"னு சாதனம் சொல்றது வெறும் வாக்குமூலம்தான். அதோட சிப்புக்குள்ள ஒரு நம்பரை எழுதி வெச்சிருப்பாங்க, சொருகினதும் அதை லேப்டாப் படிச்சுக்கும், அவ்வளவுதான். டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப் பக்கத்துல இந்த சாதனத்துக்கு இத்தனை மில்லி ஆம்பியர்னு காட்டுதுன்னு வைங்க, பலர் அதை அளந்து காட்டுதுன்னு நினைக்கிறாங்க, கிடையாது, சாதனம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுது. 500-ன்னு எழுதி வெச்சுட்டு மோட்டார் சுத்த ஆரம்பிக்கிற அந்த நிமிஷம் ஆயிரத்தை இழுக்கிற ஹார்ட் டிஸ்க் எல்லாம் உண்டு.

அளவுக்கு மேல இழுத்து மானத்தை வாங்கின கதையில பெரிய கதை 1998 ஏப்ரல்ல சிகாகோவுல நடந்தது. காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில பில் கேட்ஸ் நிக்கிறார், பக்கத்துல மைக்ரோசாஃப்ட்ல வேலை பாத்த கிறிஸ் கபோசெலா, விண்டோஸ் 98 புது சாதனத்தை எவ்வளவு சுளுவா கண்டுபிடிக்குதுன்னு காட்ட ஒரு ஸ்கேனரோட யுஎஸ்பி வயரைச் சொருகினார், மொத்த ஸ்கிரீனும் நீலமாயிடுச்சு, கூட்டமே சிரிச்சுது. அந்த ஸ்கேனர் விதியில சொன்னதைவிட அதிகமா கரண்ட் இழுக்கப் பாத்துச்சு, அந்த நிலைமையை விண்டோஸ் சரியா சமாளிக்கலைன்னு பின்னாடி மைக்ரோசாஃப்ட்ல வேலை பாத்தவங்க மூலமாவே விளக்கம் வந்துச்சு. இன்னைக்கு அதே நிலைமையில நீலத்திரை வராது, "போர்ட்ல பவர் சர்ஜ்"னு மூலையில ஒரு அறிவிப்பு வரும். அது ஈபில இருந்து வர்ற ஹை வோல்ட்டேஜ் இல்லை, ஸ்டெபிலைசர் வாங்கப் போயிடாதீங்க. யாரோ அளவுக்கு மேல இழுக்கிறாங்க, இல்ல எங்கேயோ ஷார்ட் இருக்குன்னு அர்த்தம்.

சரி, சித்தி பையன் லேப்டாப்ல ஒரு போர்ட்லதானே கம்பி வளைஞ்சிருக்கு, பக்கத்துப் போர்ட் ஏன் செத்துச்சு? அங்கதான் போர்டுல இருக்கிற காவல்காரனைப் பத்தி சொல்லணும். லேப்டாப்ல 5 வோல்ட் நேரா போர்ட்டுக்கு வராது, நடுவுல ஒரு சின்ன சுவிட்ச் சிப் இருக்கும், அரிசி மணி சைஸ்ல, அஞ்சு ஆறு காலு. கரண்ட் ஒரு அளவைத் தாண்டினா அது தானா கட் பண்ணிடும், கட் பண்ணிட்டேன்னு மெயின் சிப்செட்டுக்கும் ஒரு கம்பி வழியா தகவல் சொல்லும். செலவைக் குறைக்க பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு போர்ட்டுக்கும் ஒரே சுவிட்ச் சிப்பைப் போட்டுடுவாங்க, ஒரு வீட்ல ஷார்ட் ஆனா அதே ஃபியூஸ்ல இருக்கிற பக்கத்து வீடும் இருட்டாகிற கதைதான். அதனால "ரெண்டு போர்ட்டும் ஒரே நேரத்துல போச்சு, அப்ப மதர்போர்டுதான்"னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க, ரெண்டுக்கும் பொதுவான அந்த ஒத்தை சிப் கட் பண்ணினதாவும் இருக்கலாம்.

சில போர்டுல அந்தச் சிப்புக்குப் பதிலா பாலிஃபியூஸ்னு ஒண்ணு இருக்கும், பிளாஸ்டிக்குக்குள்ள கார்பன் தூள் கலந்தது. சூடானா பிளாஸ்டிக் விரியும், உள்ள கார்பன் துகள் ஒண்ணை ஒண்ணு விட்டு விலகிடும், ரெசிஸ்டன்ஸ் எகிறி கரண்ட் கிட்டத்தட்ட நின்னுடும். ஆறினா மறுபடி பழைய நிலைக்கு வரும், ஆனா முழுசா வராது, ஒவ்வொரு தடவை ட்ரிப் ஆகும்போதும் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கூடிக்கிட்டே போகும். சுத்தி சூடு அதிகமா இருந்தா சீக்கிரமே ட்ரிப் ஆகும். மத்தியானம் மெத்தைமேல வெச்சு கேம் ஆடும்போது மட்டும் ஹார்ட் டிஸ்க் கழண்டுக்குது, ராத்திரி ஏசியில நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா சிரிக்காதீங்க, அதுக்கு இது ஒரு நியாயமான காரணம்.

இப்ப அவன் லேப்டாப்புக்கு வருவோம். ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பல்குத்தும் மரக்குச்சியால அந்தக் கம்பியை மெதுவா அமுக்கி நாக்குமேல படுக்க வெச்சேன். தயவுசெஞ்சு ஊசி, சேஃப்டி பின் எல்லாம் விட்டுக் குத்தாதீங்க, லேப்டாப் ஆஃப்ல இருந்தாலும் சில போர்ட்ல 5 வோல்ட் உயிரோட இருக்கும். கம்பி நிமிர்ந்துடுச்சு, ஆன் பண்ணினா அப்பவும் போர்ட் ரெண்டும் பேசலை. அவன் மூஞ்சி தொங்கிடுச்சு. பயப்பட ஒண்ணும் இல்லை, கட் ஆன சுவிட்ச் சில டிசைன்ல தானா திரும்ப முயற்சி பண்ணும், சில டிசைன்ல ஒரு தடவை கட் ஆனா மொத்த பவரும் போய் வர்ற வரைக்கும் அப்படியே பூட்டிக்கிட்டு நிக்கும். நாம ஷட்டவுன் பண்றோமே, அது மொத்த பவர் போறது இல்லை, லேப்டாப் ஆஃப் ஆனாலும் பவர் பட்டனைக் கவனிச்சுக்க, சார்ஜிங்கைப் பாத்துக்க ஒரு குட்டி கன்ட்ரோலர் முழிச்சேதான் இருக்கும், அதுக்குப் போற லைன் பேட்டரியில இருந்து ஓடிக்கிட்டே இருக்கும். போதாக்குறைக்கு விண்டோஸ் 8-ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, ஷட்டவுன் கொடுத்தா கெர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவரையும் டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கும், அடுத்த நாள் அதே நிலைமையில எழுந்துக்கும். அதனால "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்"னு சொல்றதைவிட விண்டோஸைப் பொறுத்தவரைக்கும் ரீஸ்டார்ட் பண்றதுதான் உண்மையான ஆஃப், இல்லைன்னா ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே ஷட்டவுன் கொடுக்கணும்.

அதுக்கும் மேல ஒரு படி, எல்லாரும் சொல்ற அந்த முப்பது செகண்ட் வைத்தியம். ஷட்டவுன் பண்ணி, சார்ஜரை எடுத்து, கழட்ட முடிஞ்ச பேட்டரின்னா அதையும் கழட்டி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கிறது. கெப்பாசிட்டர்ல மிச்சம் இருக்கிற சார்ஜ் வடிஞ்சு, பூட்டிக்கிட்டு நின்ன சிப்பும் அந்தக் கன்ட்ரோலரும் புதுசா ஆரம்பிக்கும், மந்திரம் ஒண்ணும் இல்லை. உள்ளேயே பேட்டரி இருக்கிற மாடல்ல இதுக்குன்னு தனி வழி வெச்சிருப்பாங்க, சிலதுல அடியில குண்டூசி நுழையுற அளவு ரீசெட் ஓட்டை இருக்கும், சிலதுல பயாஸ்ல பேட்டரியைத் தற்காலிகமா துண்டிக்கிற ஆப்ஷன் இருக்கும். ஒண்ணு மறக்காதீங்க, இதைப் பண்றதுக்கு முன்னாடி சொருகி வெச்சிருக்கிற எல்லாத்தையும் பிடுங்கிடணும், முக்கியமா தனி அடாப்டரோட வர்ற யுஎஸ்பி ஹப், அதான் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டா பிரிக்கிற பெட்டி. மலிவு ஹப் சிலது தன்னோட 5 வோல்ட்டை லேப்டாப் பக்கமே திருப்பி அனுப்பும், லேப்டாப்பை ஆஃப் பண்ணின பிறகும் எங்கேயோ ஒரு லைட் மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்தா அதான் ஆசாமி. அது இருக்கிற வரைக்கும் நீங்க பட்டனை ஒரு மணி நேரம் அமுக்கினாலும் வடியாது.

பட்டனை விட்டுட்டு ஆன் பண்ணினேன், மவுஸ்ல செவப்பு லைட் வந்துச்சு, ரெண்டு போர்ட்டும் உயிர் வந்துடுச்சு. அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, விடுங்க.

கதை அதோட முடியலை. கம்பி வளைஞ்சதுக்கு அவனோட ஹார்ட் டிஸ்க் கேபிள்தான் காரணம், பிளக் ஆடுது, அமுக்கி அமுக்கி சொருகியிருக்கான். ஏன் அமுக்கினேன்னு கேட்டா "டிஸ்க் அடிக்கடி கட் ஆகும்ணா, அழுத்திப் பிடிச்சா வரும்"னான். ஆக முதல் பிரச்சனை ஷார்ட்டே இல்லை, பவர் பத்தாததுதான். இதைக் கண்டுபிடிக்க யுஎஸ்பி டெஸ்டர்னு ஒண்ணு இருக்கு, கட்டைவிரல் அளவு, ஒரு பக்கம் போர்ட்ல சொருகி இன்னொரு பக்கம் சாதனத்தைப் போட்டா நடுவுல வோல்ட்டேஜும் கரண்ட்டும் காட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க, சில நூறு ரூபாய்தான், ஒரு தடவை வாங்கினா குடும்பத்துக்கே ஆகும். அதை அவன் கேபிளோட முனையில, டிஸ்குக்கு முன்னாடி வர்ற மாதிரி கன்வெர்ட்டர் போட்டு மாட்டினேன். சும்மா இருக்கும்போது 5.1 காட்டுச்சு. டிஸ்க் ஊஊன்னு சுத்த ஆரம்பிச்சதும் 4.4-க்கு விழுந்துச்சு, டிக்னு ஒரு சத்தம், சுத்துறது நின்னுச்சு, மறுபடி 5.1. அப்புறம் மறுபடி ஊஊ. கண்ணு முன்னாடியே தெரியுது.

இந்த அரை வோல்ட்டுக்கு மேல எங்க போச்சு? கேபிள்ல. நிறைய மலிவு கேபிளுக்குள்ள பவருக்கும் 28 கேஜ் கம்பியைத்தான் போடுறாங்க, கேஜ் நம்பர் கூடினா கம்பி மெலிசுன்னு அர்த்தம். 28 கேஜ் செம்பு மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிள்னா கரண்ட் போக ஒரு மீட்டர் திரும்பி வர ஒரு மீட்டர், மொத்தம் 0.42 ஓம். அதுல 0.9 ஆம்பியர் ஓடினா 0.38 வோல்ட் கேபிளே தின்னுடும், ஆடுற பிளக்கும் தேஞ்ச கம்பியும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தின்னும். அதே நீளத்துல 24 கேஜ் கம்பின்னா 0.15 வோல்ட்தான் போகும். கால் மீட்டர் கேபிள்னா இன்னும் கம்மி. அவனுக்கு என்கிட்ட இருந்த ஒரு குட்டையான தடிமன் கேபிளைப் போட்டேன், 4.8-க்குக் கீழ இறங்கவே இல்லை, டிஸ்க் சமத்தா சுத்திச்சு. ரெண்டு நாள் ஃபார்மட், மதர்போர்டு ரேட் எல்லாத்துக்கும் ஆணிவேர் ஒரு கேபிள்.

முன்னாடி எல்லாம் இந்தச் சிக்கலுக்கு ஒய் கேபிள்னு ரெண்டு தலை இருக்கிற கேபிள் கூடவே வரும், ரெண்டு போர்ட்ல சொருகி ரெண்டுல இருந்தும் கரண்ட் எடுக்கும். யுஎஸ்பி விதியில அதுக்கு அனுமதி கிடையாது, ஆனா வேலை செய்யும், நானே வருஷக்கணக்கா வெச்சிருந்தேன். பவர் இல்லாத ஹப்பை வாங்கி அதுல ஹார்ட் டிஸ்க் மாட்டுறதுதான் ரொம்ப மோசம், லேப்டாப் தர்ற 500-ல ஹப் தனக்குன்னு 100 வெச்சுக்கும், மிச்ச 400-ஐ நாலு வாய்க்கும் பிரிச்சா வாய்க்கு 100, அதுல மவுஸும் கீபோர்டும்தான் வாழும். டெஸ்க்டாப்ல போடுற பெரிய 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் வேணும், அதனால அது தனி அடாப்டரோடதான் வரும், அதுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்ப சாஃப்ட்வேர் பக்கம், அதுக்கும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்லலை. அது சாஃப்ட்வேரா ஹார்ட்வேரான்னு பிரிக்க ஒரு எளிய சோதனை: ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ்குள்ள போங்க, சந்தேகப்படுற போர்ட்ல ஒரு கீபோர்டைச் சொருகி அம்பு பட்டனை அமுக்கிப் பாருங்க. அங்க விண்டோஸே கிடையாது, டிரைவரும் கிடையாது. அங்க கீபோர்டு வேலை செஞ்சா போர்ட் உயிரோட இருக்கு, தப்பு விண்டோஸ் பக்கம், அங்கேயும் செத்துக் கிடந்தா ஃபார்மட் அடிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. இன்னொண்ணு, லேப்டாப்ல இருக்கிற வெப்கேம், புளூடூத் எல்லாம் பெரும்பாலும் உள்ளுக்குள்ள யுஎஸ்பியிலதான் ஓடுது, வெளி போர்ட் மொத்தமும் செத்து வெப்கேம் மட்டும் நல்லா இருந்தா யுஎஸ்பி கன்ட்ரோலர் பிழைச்சிருக்குன்னு அர்த்தம், சண்டை கன்ட்ரோலருக்கும் போர்ட்டுக்கும் நடுவுல எங்கேயோ நடக்குது.

விண்டோஸ்ல பவர் மிச்சம் பிடிக்கிற வேலை ரெண்டு இடத்துல இருக்கும். பவர் ஆப்ஷன்ஸ்ல செலக்டிவ் சஸ்பெண்ட்னு ஒண்ணு, டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு ரூட் ஹப்புக்கும் பவர் மேனேஜ்மென்ட் டேப்ல "பவரை மிச்சம் பிடிக்க இந்த சாதனத்தை கம்ப்யூட்டர் ஆஃப் பண்ணலாம்"ங்கிற டிக் ஒண்ணு. அந்த வார்த்தையைப் படிச்சுட்டு விண்டோஸ் போர்ட்டோட 5 வோல்ட்டையே நிறுத்திடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை, 5 வோல்ட் அப்படியே நிக்கும், சாதனத்தைப் பாத்து "சும்மாதானே இருக்க, தூங்கு"ன்னு சொல்லும், தூங்குற சாதனம் 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல எடுக்கக்கூடாது, கூப்பிட்டா எழுந்துக்கணும். பிரச்சனை என்னன்னா சில சாதனம் கும்பகர்ணன் பரம்பரை, தூங்கினா எழுந்துக்காது. அஞ்சு நிமிஷம் தொடாம விட்டா மட்டும் மவுஸோ ஆடியோ பெட்டியோ காணாம போகுது, பிடுங்கிச் சொருகினா வருதுன்னா இந்த டிக்கை எடுத்துப் பாருங்க, அங்க இந்த வைத்தியம் பலிக்கும். லினக்ஸ்லயும் இதே கதை உண்டு, பேட்டரி மிச்சம் பிடிக்கிற டூல் போட்டிருந்தா அதுல அந்த சாதனத்தை மட்டும் விலக்கி வைக்கணும். சொருகின உடனே லைட்டே எரியாத போர்ட்டுக்கு இந்த டிக்கை எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

கோட் 43-ன்னு மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தா சாதனம் தானே "எனக்கு முடியலை"ன்னு சொல்லிடுச்சுன்னு அர்த்தம், அது சாதனம் செத்ததாவும் இருக்கலாம், வோல்ட்டேஜ் விழுந்து பாதியில மயங்கினதாவும் இருக்கலாம். அதே சாதனத்தை வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

டைப்-சி போர்ட்டுக்கு வேற கணக்கு, இங்க மல்டிமீட்டர் வெச்சிருக்கிறவங்களே ஏமாறுறாங்க. டைப்-ஏ போர்ட்ல லேப்டாப் ஆன்ல இருந்தா 5 வோல்ட் எப்பவும் நிக்கும், சும்மா காலியா இருக்கும்போதே அளக்கலாம். டைப்-சி காலியா இருந்தா 0 வோல்ட்தான் காட்டும், காட்டணும், அதான் விதி. எதிர்ப்பக்கம் ஒரு சாதனம் தன்னோட சிசி கம்பியில (எதிர்ல ஆள் இருக்கான்னு பாக்கிறதுக்குன்னே இருக்கிற கம்பி) 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் காட்டினாதான் லேப்டாப் "ஓ, ஆள் வந்திருக்கு"ன்னு 5 வோல்ட்டைத் திறந்து விடும். காலி டைப்-சி போர்ட்ல மீட்டரை வெச்சு பூஜ்யம் பாத்துட்டு போர்ட் போச்சுன்னு தீர்ப்பு எழுதினவங்களை நான் பாத்திருக்கேன். இதே காரணத்தால சில மலிவு சாதனம், ரீசார்ஜ் டார்ச், குட்டி ஃபேன் மாதிரி, ஏ-டு-சி கேபிள்ல சார்ஜ் ஏறும், சி-டு-சி கேபிள் போட்டா மூச்சே விடாது. செய்யுற கம்பெனி அந்த ரெசிஸ்டரைப் போடாம காசு மிச்சம் பிடிச்சிருக்கும், உங்க லேப்டாப்மேல தப்பே இல்லை. டைப்-சில 5 வோல்ட்லயே 3 ஆம்பியர் வரைக்கும் போகலாம், ஆனா எல்லா லேப்டாப்பும் அவ்வளவு தரும்னு கட்டாயம் இல்லை.

பவர் பிரச்சனை மாதிரி வேஷம் போடுறதும் ரெண்டு இருக்கு. வயர்லெஸ் மவுஸோட குட்டி ரிசீவரை யுஎஸ்பி 3 போர்ட்ல வெச்சு பக்கத்துலயே ஹார்ட் டிஸ்க் ஓடினா மவுஸ் திக்கித் திக்கி நகரும், பவர் பத்தலைன்னு தோணும். உண்மையில யுஎஸ்பி 3 வேகத்துல டேட்டா ஓடும்போது வர்ற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுது, மவுஸ் பேசுறதும் அங்கதான், 2012-லயே இன்டெல் இதை அளந்து ஒரு அறிக்கை போட்டுச்சு. ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாத்துங்க, முடிஞ்சுது. இன்னொண்ணு, சார்ஜர் போட்டா மட்டும் மைக்ல ஊம்னு சத்தம், தகர பாடியைத் தொட்டா மெல்லிசா ஒரு சுரீர். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஓட்டையில மாட்ட கன்வெர்ட்டர் போட்டிருப்பீங்க, எர்த் இல்லை. எர்த் இருக்கிற பாயின்ட்ல போட்டுப் பாருங்க.

இவ்வளவும் பாத்தும் 5 வோல்ட் வரலைன்னா அப்ப கடைக்குப் போகலாம், ஆனா சும்மா "யுஎஸ்பி வேலை செய்யலை"ன்னு கொடுத்துட்டு வராதீங்க. எந்தப் பக்கத்து போர்ட், கூட வேற என்ன போச்சுன்னு பாத்துட்டுப் போங்க. பல லேப்டாப்ல ஒரு பக்கத்து யுஎஸ்பி, ஹெட்போன் ஜாக், கார்டு ரீடர் எல்லாம் ஒரு தனி குட்டி போர்டுல இருக்கும், ஒரு ரிப்பன் கேபிள் வழியா மெயின் போர்டோட சேரும். அந்த மூணும் ஒண்ணா போச்சுன்னா ரிப்பன் கழண்டிருக்கும், இல்ல குட்டி போர்டு போயிருக்கும், அதை மட்டும் மாத்தலாம். மூணும் நல்லா இருந்து யுஎஸ்பி மட்டும் இருட்டுன்னா நான் முன்ன சொன்ன அந்த அரிசி மணி சிப்பைச் சொல்லுங்க, அதுக்கு உள்ள போற பக்கம் 5 வோல்ட் இருக்கு, வெளிய வர்ற பக்கம் இல்லையான்னு மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. போர்டு லெவல்ல வேலை பாக்குற ஆளா இருந்தா நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள மீட்டரை எடுத்திருப்பார். "அதெல்லாம் பாக்க முடியாது, போர்டு மாத்தணும்"னு சொல்றவர்கிட்ட இருந்து லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கிட்டு அடுத்த கடைக்கு நடங்க.

சித்தி பையன் வளைஞ்ச கம்பி இருந்த போர்ட்மேல இப்ப ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வெச்சிருக்கான், ஒரு தடவை வளைஞ்ச கம்பி மறுபடி எழும்பும்னு நான்தான் சொன்னேன். பழைய கேபிளைத் தூக்கிப் போடுடான்னா மனசு வரலை, போன் சார்ஜ் போட வெச்சுக்கிறேன்னு எடுத்துட்டுப் போயிட்டான். நேத்து போன் பண்ணி, "அண்ணா, போன் சார்ஜ் ரொம்ப ஸ்லோவா ஏறுதுணா"ங்கிறான்.